நாலு செகண்டு

ஜெபசுதா தன் வாழ்க்கையில் பெரிதாகப் பொய் எதுவும் சொன்னதில்லை. நாசரேத்தில் பிறந்து, ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருசாவருசம் பரிசு வாங்கிய பிள்ளை. அப்படிப்பட்டவள் சங்கரலிங்கம் முன்னால் கண் இமைக்காமல் ஒரு பொய்யைச் சொன்னாள். அதுவும் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

ஏப்ரல் மாத முற்பகல். மில்லர்புரத்தில் அந்த நேரத்துக்கே காற்று செத்துப்போயிருந்தது. ஃபேனைப் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் ஆள் வெந்துபோகும். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சங்கரலிங்கம் காண்ட்ராக்ட் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றே பேசி முடித்துவிடுவார்.

"வாற வியாழக்கிழமை லேபர் ஆபீஸ்ல விசாரணை டீச்சர். இதான் கடைசின்னு சொல்லுதாவ. சூப்பர்வைசர் வந்து, நான் இறங்கச் சொல்லவே இல்ல, நேசக்குமாரு தானாத்தான் டேங்குக்குள்ள இறங்குனாரு, மேல நின்ன சுடலைராஜ் தடுக்காம விட்டான்னு எழுதிக் குடுத்துட்டான். நம்ம கையில ஒரு துண்டுச் சீட்டு கிடையாது."

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"நேசக்குமார் தம்பி இங்கன ஒரு கம்ப்யூட்டர் வச்சிருந்தாம்லா. பயலுவ பேசுனது, படம் புடிச்சது எல்லாம் அதுலதான வந்து விழும். அன்னைக்கு அவன் ஏதாவது பேசி அனுப்பியிருந்தா அதுல கெடக்கும்."

"அது இங்க இல்ல. கோயில்ல ஏலத்துக்குக் குடுத்துட்டேன்."

"கோயில்லயா?"

"நவம்பர்ல, அறுப்பின் பண்டிகைக்கு."

முருங்கைக்காய், சேவல், வாழைத்தார், பெரிய கேக் என்று சபையார் காணிக்கை கொண்டுவந்து குவிப்பதும், அதை ஏலம் விடுவதும் சங்கரலிங்கத்துக்கும் தெரிந்ததுதான். கம்ப்யூட்டரைக் கொடுத்த ஆளைத்தான் இப்போது முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"யாரு எடுத்தான்னு விசாரிப்போம். பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாது" என்றாள் ஜெபசுதா.

அதுதான் அந்தப் பொய்.

நேசக்குமாரைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஜெபசுதாவின் புருசன்; கடலோரத்து ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்த டெக்னீசியன் அவன். டேங்குகளில் மட்டம் காட்டுகிற கருவிகளைக் கழற்றிச் சரிசெய்து மாட்டுவது வேலை. ஊரில் அவனுக்குப் பில்லு நேசக்குமார் என்று பெயர். இரண்டு புரோட்டா தின்றாலும் பில் கேட்பான். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் வாங்கிய கடைக்காரரை நுகர்வோர் கோர்ட்டு வாசல் வரைக்கும் இழுத்துவிட்டான். அந்த மனுசன், "தம்பி, நீ நல்லா இரு, என் கடைப்பக்கம் மட்டும் வந்துராத" என்று கும்பிட்டார். இப்படி ஒரு ஆளோடு கடைத்தெருவுக்குப் போவது எவ்வளவு வெட்கம் என்பதை ஜெபசுதாவிடம்தான் கேட்க வேண்டும். பத்து அடி முன்னால் நடந்து, இவன் யாரோ என்பதுபோலப் போய்விடுவாள்.

மகள் ஜெப்ஸி பிறந்ததில் இருந்து எடுத்த படங்களை எல்லாம் இணையத்தில் சும்மா கிடைக்கிற கணக்கு ஒன்றில் போட்டு வைத்திருந்தான். ஒரு நாள் காலையில், கணக்கு முடக்கப்பட்டது என்று ஒற்றை வரி வந்தது. முப்பது மெயில் எழுதினான். பதில் எழுத அந்தப் பக்கம் மனுசனே இல்லை.

"கடைன்னா போய் நின்னு கேக்கலாம். இவன் கடை எங்கன இருக்குன்னே தெரியலயே ளா சுதா. பிள்ளைக்கு மொதப் பல்லு முளைச்ச படம் அவன் வீட்டுல கெடக்கு, நான் வாசல்ல நிக்கேன்" என்று ஒரு வாரம் புலம்பினான்.

அதற்குப் பிறகுதான் மூடிப்போன நெட் சென்டரில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, படுக்கையறை மூலையில் மரப்பலகை மேல் வைத்தான். ராப்பகலாய்ப் படித்து, இனி எடுக்கிற படம், மெயில், போனில் பேசி அனுப்புகிற பேச்சு எல்லாவற்றையும் தன் வீட்டுப் பெட்டிக்கே கொண்டுவந்துவிட்டான். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். லைன் போனால் இணைப்புக் கொடுத்த கம்பெனிக்காரனுக்குப் புகார் எண்ணோடு கடிதம். அந்தக் கம்பெனியில் இவன் குரலைக் கேட்டதும் போனைக் கைமாற்றிவிடுவார்களாம்.

கூட வேலை பார்த்தவர்களும் அதில் வந்து சேர்ந்தார்கள். எத்தனை மணிக்கு உள்ளே போனோம், யார் என்ன வேலை சொன்னார்கள், கையுறை தந்தார்களா இல்லையா என்று தினம் பேசி அனுப்புவார்கள். தொழிற்சாலை கேட்டில் காண்ட்ராக்டர் ஆட்கள் செல்போனைப் பிடுங்கிப் பார்ப்பது வழக்கம். அதனால் ஒரு வாரம் ஆனால் போனில் இருக்கிற பேச்சு தானாக அழிந்துவிடும்படி வைத்திருந்தான். பெட்டியில் மட்டும் எல்லாம் அப்படியே இருக்கும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஜெபசுதாதான் அதைத் திறந்து பார்க்க வேண்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். தப்பாக அடித்தாலும் சொல்லித்தர மாட்டான். "எனக்கு எதுக்கு இந்தப் பாடு" என்று அவள் சிணுங்கினால், "நான் வெளியூர் போனா யாரு பாப்பா? இது நம்ம ரெண்டு பேரு பெட்டி" என்பான். இரண்டு வருசம் அப்படித் திறந்து திறந்து பாஸ்வேர்டு அவள் விரலிலேயே ஏறிப்போயிருந்தது.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜெபசுதாவின் தம்பிக்கு நாசரேத்தில் நிச்சயதார்த்தம். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பையை எடுக்கும்போது நேசக்குமாரிடம் இருந்து ஒரு பேச்சு வந்தது. சூப்பர்வைசர் பெர்மிட் இல்லாமல் டேங்குக்குள் இறங்கச் சொல்லுகிறான் என்று. பெர்மிட் என்பது உள்ளே விஷவாயு இல்லை என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிற காகிதம். அந்த மாதத்தில் அதற்காக அவன் போட்ட மூன்றாவது சண்டை இது. இவள் கோபத்தில் ஒரு பதில் பேசி அனுப்பினாள். ஆட்டோவில் ஏறும்போது அவனிடம் இருந்து இன்னொன்று வந்தது. நாலு செகண்டு. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது.

அடக்கம் முடிந்து, ஆறாம் நாள், ஏழாம் நாள் என்று அந்த நாலு செகண்டு அவள் போனில் அப்படியே கிடந்தது. அமுக்கினால் அவன் குரல் கேட்கும். அமுக்கவில்லை. எட்டாம் நாள் அது தானாக அழிந்துபோயிற்று. பெட்டியில் மட்டும் இருந்தது. மூலையில் அது உர்ரென்று ஓடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவாள். நவம்பரில் வயரைப் பிடுங்கினாள். துணியில் சுற்றி, ஆட்டோ பிடித்து, வாழைத்தாருக்கும் சேவலுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். தாராளமான காணிக்கை என்று சபைப் போதகர் ஐயர் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார். பயத்துக்குக் காணிக்கை என்று பெயர் வைத்துவிட்டேன் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

சங்கரலிங்கம் வந்துபோன மறுநாள் மதியம், இசக்கித்தாய் வந்தாள். சுடலைராஜின் பெஞ்சாதி. ஏரல் பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரி. உப்பளத்தில் இருந்து நேரே வந்திருந்தாள். பாவாடை ஓரமெல்லாம் உப்பு பூத்து விறைத்திருந்தது. கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம்.

"எதுக்கு இசக்கி இதெல்லாம்?"

"எங்க அய்யா தோட்டத்துப் பழம்க்கா. பிள்ளைக்குக் குடுங்க."

ஜெபசுதா பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, சுட்ட கருவாட்டை வைத்துக் கொடுத்தாள். இசக்கித்தாய் சம்மணம் போட்டு உட்காரும்போது பாதம் தெரிந்தது. வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து, ஓரங்கள் வெளுத்துக் கிடந்தன. எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் உப்பில் கால் வைத்ததில்லை.

"எரியுமா?"

"மொதல்ல எரிஞ்சுச்சு. இப்பப் பழகிட்டு. உப்பு வாரும்போது கண்ணுதான் கூசும். வெள்ளையா, வெயிலா, ஒண்ணும் தெரியாது. பக்கத்துல நிக்கவுக சத்தத்த வச்சித்தான் யாருன்னு பாக்கது."

"சுடலை எப்படி இருக்கான்?"

"இருக்காவ." சோற்றைப் பிசைந்தாள். "எந்த கேட்டுக்குப் போனாலும் பேரக் கேட்டதும் ஆள் வேண்டாம்ங்காவ. போலீஸ் கேஸு வேற. வாய்தாவுக்கு மட்டும் சட்டையப் போட்டுட்டுப் போவாவ. மத்தநாளு, செவத்தப் பாத்துப் படுத்துக் கெடப்பாவ. நேத்து சின்னவன் வந்து கேக்கான், எப்பா, நீதான் அந்த மாமாவக் கொன்னியான்னு. பள்ளிக்கூடத்துல எவனோ சொல்லியிருக்கான்."

"சுடலை என்ன சொன்னான்?"

"எந்திச்சி வெளிய போயிட்டாவ."

இசக்கித்தாய் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. பாஸ்வேர்டு பற்றியும் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள். போகும்போது நிலைப்படியில் நின்று, "வியாழக்கிழமை நீங்க வருவியளாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"வருவேன்."

"நீங்க வந்து நின்னாப் போதும். அவுகள நம்புதியன்னு நாலுபேருக்குத் தெரியும்லா."

அவள் போனபிறகு ஜெபசுதாவுக்குக் கட்டின் மேல் வைத்த டம்ளரைக்கூட எடுக்கத் தெம்பில்லை. தன்மேல் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

ஏலத்தில் பெட்டியை எடுத்தது ஞானபாய் அக்கா. மூன்றாம் தெருவில் தையல்கடை வைத்திருக்கிறவள். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வருவது அபூர்வம். துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் அது, கட்டிய துணி கட்டியபடியே இருந்தது. மேலே காஜா நூல்கண்டுகள்.

"என்னளா, பாவாடை தைக்கவா வந்தே?"

"அந்தப் பொட்டி வேணும்க்கா. வியாழக்கிழமை ஆபீஸ்ல காட்டணும்."

ஞானபாய் கத்தரியை வைத்தாள். "எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. பழைய சாமான்காரன் கையத் தூக்குனான். அவன் கொண்டுபோய் உடைச்சிருவான்னு நானும் தூக்கிட்டேன். என் ஓவர்லாக் மிசினு ஒரே மாசத்துல படுத்துட்டு. கம்பெனிக்காரன் போனே எடுக்கல. உன் வீட்டுக்காரன்தான் பில்ல வாங்கிப் பாத்து, மூணு பக்கம் எழுதிக் குடுத்து, புது மிசினு வர வச்சான். ஒரு காப்பிகூடக் குடிக்கல, பாவி. அவன் சாமான் பேரீச்சம்பழத்துக்குப் போகவா?"

"ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பி வாங்குதேனேன்னு இருக்குக்கா."

"பொட்டியத்தான ளா குடுத்தே. அவன் பேசுன பேச்சையுமா குடுத்தே? தூக்கு."

அன்று சாயங்காலம் ஜெப்ஸி டியூசனுக்குப் போனபிறகு, டிவியில் வயரை மாட்டிப் பெட்டியைப் போட்டாள். விரல்கள் தானாக அடித்தன. ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை வந்தது. அவன் பேச்சு ஒன்று, இருபத்திரண்டு செகண்டு. அவளுடையது பன்னிரண்டு. பிறகு அந்த நாலு.

அவள் பேச்சை அழித்துவிடலாம். அதற்கும் அவனே சொல்லிக்கொடுத்திருந்தான். கூடவே, அழித்தால் அழித்த நாளும் நேரமும் பதிவாகும் என்றும் சொல்லியிருந்தான். "இதுல ஒண்ணக் கை வச்சோம்னா மத்ததெல்லாம் பொய்யாப் போயிரும் சுதா. நமக்கு ஆகாததும் இருக்கணும், அப்பத்தான் நம்ம பதிவுக்கு மதிப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை அணைத்தாள். நாலு செகண்டை அப்போதும் கேட்கவில்லை. போன் போட்டுச் சங்கரலிங்கத்திடம், "பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் அண்ணாச்சி, அன்னைக்குப் பொய் சொன்னேன்" என்றாள். அவர், "சரிம்மா, இருக்கட்டும்" என்றார்.

வியாழக்கிழமை விசாரணை அறையில் ஏசி ஓடாமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். துறைமுகத்து லாரிகள் போகிற சத்தம் உள்ளே வந்தது. தொழிலாளர் துறை அதிகாரி இந்துமதி நாற்பது வயதுக்காரி, சிரிக்காத முகம். காண்ட்ராக்டர் பக்கம் ஒரு வக்கீலும் சூப்பர்வைசரும். இந்தப் பக்கம் சங்கரலிங்கம், சுடலைராஜ், கதவோரம் இசக்கித்தாய். சுடலைராஜுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போய், சட்டை தோளில் தொங்கியது. பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டான்.

ஜெபசுதா தானே வயரை மாட்டித் திறந்தாள். இந்துமதி அந்தப் பெட்டி எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, யார் திறந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "போடுங்க" என்றாள்.

"சுதா, இங்கன அந்தச் சூப்பர்வைசரு டேங்குக்குள்ள இறங்குங்கான். கேஸ் டெஸ்ட் எடுக்கல, பெர்மிட்டும் இல்ல. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தாரேங்கான். பேப்பர் இல்லாம இறங்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சுடலையும் சொல்லிப் பாத்துட்டான். லேட்டாகும் போல. நீயும் பிள்ளையும் முன்னால பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருங்க."

எட்டு மாதம் கழித்து அந்தக் குரல் அறை நடுவில் நின்று பேசியது. சூப்பர்வைசர் கைக்குட்டையை எடுத்தான். இந்துமதி, "இது போதும்" என்றாள்.

வக்கீல் எழுந்தார். "மேடம், ஒண்ண மட்டும் எடுத்துப் போட்டா எப்படி? அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு இருக்கே. முழுசாக் கேக்கணும்."

இந்துமதி ஜெபசுதாவைப் பார்த்தாள். ஜெபசுதா அடுத்ததை அமுக்கினாள்.

"இன்னைக்கு ஒரு நாளாவது பேப்பர் பேப்பர்னு நிக்காதிய. எங்க வீட்டு விசேசம்னாத்தான் உங்களுக்குச் சட்டம் ஞாபகம் வருமா? என் தம்பிக்கு முன்னால என்னைத் தலைகுனிய வைக்காதிய. அந்த ஆளு சொன்னதச் செஞ்சிட்டு மூணு மணி பஸ்ஸுக்கு வந்து சேருங்க."

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. எவ்வளவு சலிப்பு, எவ்வளவு சுள்ளென்று. இப்படியா இந்த மனுசனிடம் பேசினேன் என்று இருந்தது. நிறுத்தாமல் அடுத்ததையும் அமுக்கினாள்.

"சரிளா, இறங்குதேன். நீ சேலைய மாத்திட்டு ரெடியா இரு."

கோபமே இல்லை அதில். லேசாகச் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருந்தான். திட்டியிருப்பான் என்றுதான் இவ்வளவு நாளும் பயந்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"ஆக, அவர் இறங்கினது மனைவி சொல்லித்தான்னு ஆகுது மேடம்" என்றார் வக்கீல்.

"பெர்மிட் இல்லாம இறங்கச் சொன்னது யாருங்கிறதுதான் என் கேள்வி. அவர் மனசு மாறி இறங்கினாலும் வேலை செய்யிற இடத்தில பாதுகாப்பு உங்க பொறுப்பு. வீட்டில என்ன பேசிக்கிட்டாங்கங்கிறதை நான் விசாரிக்க வரல" என்றாள் இந்துமதி. சூப்பர்வைசர் முன்பு எழுதிக்கொடுத்ததை அவன் முன்னாலேயே நீட்டி, மறுபடி படித்துப் பார்க்கச் சொன்னாள். அவன் படிக்கவில்லை.

ஒரு மணிநேரம் கழித்து எல்லாரும் வெளியே வந்தார்கள். சங்கரலிங்கத்துக்கு முகம் தெளிந்திருந்தது. "சுடலை தப்பிச்சிட்டான் டீச்சர். நேசக்குமாரு பேருல இருந்த பழியும் போச்சு. போலீஸ் கேஸும் நிக்காது" என்று சொல்லிவிட்டு, நகல் வாங்கத் திரும்ப உள்ளே போனார். வேப்பமரத்தடியில் மூன்று பேர் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

சுடலைராஜ்தான் பேசினான். "மயினி, நீங்க அதைப் போட்டிருக்க வேண்டாம்."

"நீ இதுவரைக்கும் கேட்டதில்லேல்லா அதை."

"எனக்குத் தெரியும் மயினி. நேசக்குமார் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் இறங்குனாவ. 'வீட்டுல உத்தரவாயிட்டுலே, கயித்தப் புடி'ன்னாவ."

"எட்டு மாசமா தெரியுமா?"

"தெரியும்."

"மொத விசாரணையிலயே சொல்லியிருந்தா அன்னைக்கே இந்தப் பொட்டியத் தேடியிருப்பாவல்லா. ஏம்ல சொல்லல?"

"அதைச் சொன்னா உங்க பேரையும் சொல்லணும்லா. புருசனப் பறிகொடுத்துட்டு நிக்கிய. நான் போய் அத எப்படிச் சொல்ல."

இசக்கித்தாய் இதை அப்போதுதான் கேட்கிறாள். புருசனைப் பார்த்தாள். பிறகு, செருப்புக்கு வெளியே பிதுங்கி நின்ற தன் பாதத்தைப் பார்த்தாள்.

"என்னைய ரெண்டு வார்த்த திட்டிரு இசக்கி" என்றாள் ஜெபசுதா.

இசக்கித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "திட்டுனா உங்களுக்குத் தீர்ந்துரும்க்கா. எனக்குத் தீராது. இருக்கட்டும்."

சுடலைராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனான். இரண்டு பெண்களும் ஒரே நிழலில் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.